ஊதுபத்தி வாசலில் பாஸ்டன்

என்னுடைய இருபத்தோராவது வயதில் நான் பார்த்தேயிராத ஒரு ஊரைப் பற்றி வாய் ஓயாமல் பேசிக்கொண்டு திரிந்தேன். மைசூரில் பிறந்து மைசூரிலேயே வளர்ந்தவள். பெங்களூருக்கே மொத்தம் நாலு தடவைதான் போயிருக்கிறேன். அப்படிப்பட்ட நான், அமெரிக்காவில் இருக்கும் பாஸ்டன் நகரத்தில் நூறு வருஷத்துக்கு முன்னால் என்ன நடந்தது, இருநூறு வருஷத்துக்கு முன்னால் என்ன நடந்தது என்று சிட்டி பஸ்ஸில் பக்கத்து சீட்டில் உட்கார்ந்தவர்களிடம்கூடச் சொன்னேன். தொண்ணூறுகளின் நடுவில் ஒரு மழைக்காலத்தில் தொடங்கிய பைத்தியம் அது.

தொடங்கி வைத்தவர் நான் படித்த டைப்ரைட்டிங் இன்ஸ்டிட்யூட்டின் முதலாளி. நான் ஹையர் பாஸ் பண்ணிவிட்டு, வேலை கிடைக்கும்வரை விரல் துரு பிடிக்காமல் இருக்கட்டும் என்று அங்கேயே போய் அடித்துக்கொண்டிருந்தேன். ஒரு நாள் அவர் கூப்பிட்டு, "லக்ஷ்மிபுரத்துல ஒரு அமெரிக்கா லேடி இருக்காங்க. யோகா கத்துக்க வந்தவங்க. ஏதோ புஸ்தகம் எழுதறாங்களாம். கையெழுத்தைப் பாத்து பயப்படாத ஆள் வேணும்னாங்க. நீ போறியா?" என்று கேட்டார்.

போனேன். மாடிப் போர்ஷன். கதவைத் திறந்தவருக்கு அறுபது வயதிருக்கும். ஆறடி உயரம், ஆண்பிள்ளை மாதிரி வெட்டிய நரைத்த முடி, கழுத்தில் கயிறு கட்டித் தொங்கும் கண்ணாடி. தேவராஜ மார்க்கெட் பக்கம் வாங்கிய சுடிதார், அந்த உயரத்துக்கு முழங்காலுக்குச் சற்றுக் கீழேயே நின்றுபோயிருந்தது. வலது மணிக்கட்டில் மாவுக்கட்டு.

"யோகா செய்து உடைத்துக்கொண்டேன் என்று நினைக்காதே" என்றுதான் முதலில் சொன்னார். "பாத்ரூமில் வழுக்கி விழுந்தேன்."

பாஸ்டனில் முப்பது வருஷம் பள்ளிக்கூடத்தில் சரித்திரம் சொல்லிக்கொடுத்து ரிட்டயர் ஆனவர். தன் ஊரைப் பற்றி யாரும் அதிகம் சொல்லாத கதைகளை ஆறு நோட்டுப் புத்தகங்களில் எழுதி வைத்திருந்தார். மைசூரில் நிம்மதியாக உட்கார்ந்து தானே டைப் அடிக்கலாம் என்று ஒரு சின்ன டைப்ரைட்டரையும் தூக்கிக்கொண்டு வந்திருந்தார். கை உடைந்ததால் அது மேஜை மேல் சும்மா கிடந்தது. நோட்டைத் திறந்து பார்த்தேன். கோழி கிளறின மாதிரி எழுத்து. ஆனால் என் அப்பா ரயில்வே ஒர்க்‌ஷாப்பில் ஃபிட்டர். அவர் எழுதுகிற லீவ் லெட்டர்களையே படித்துப் பழகியவள் நான். முதல் பக்கத்தைக் கடகடவென்று வாசித்துக் காட்டினேன். மேடம் நிமிர்ந்து பார்த்து, "நாளைக்கு ஒன்பது மணிக்கு" என்றார்.

நாங்கள் இருந்தது பன்னிமண்டபம் பக்கத்தில் ஒரு வட்டாரா. நடுவில் ஒரு பொது வாசல், ஒரு குழாய், சுற்றி ஆறு வீடுகள். அப்பா ஜோலார்பேட்டையிலிருந்து வேலைக்காக வந்தவர். ரயில்வே குவார்ட்டர்ஸ் கிடைக்காமல் அங்கே குடிவந்து, அப்படியே இருந்துவிட்டோம். மத்தியானச் சாப்பாடு முடிந்ததும் அந்த வாசலில் பெண்கள் பலகையைப் போட்டுக்கொண்டு ஊதுபத்தி உருட்டுவார்கள். கரித்தூளும் பசை மாதிரி ஒட்டும் ஜிகட்டு மாவும் சேர்த்துப் பிசைந்த கறுப்புக் கலவையை மூங்கில் குச்சியில் ஒட்டி, உள்ளங்கையால் ஒரே இழுப்பில் உருட்டுவது. வாசனை போடுவதெல்லாம் அப்புறம் கம்பெனியில். எங்கள் வாசலில் கரி மட்டும்தான். என் அம்மா, கொள்ளேகாலிலிருந்து கட்டட வேலைக்கு வந்த குடும்பத்து அக்கா ஒருத்தி, எதிர்வீட்டுக் கன்னடத்து ஆன்ட்டி. இந்த மூன்று பேரும் ஒரு நாளும் தவறாதவர்கள். மற்றவர்கள் வருவார்கள், போவார்கள்.

அந்த நேரம் பார்த்து வாசலில் பாடிக்கொண்டிருந்த ரேடியோ ரிப்பேராகியிருந்தது. மூன்று மணிக்கு வேலை முடிந்து நான் வந்து நின்றதும் அக்கா கேட்டாள், "ஏன் அம்முணி, அந்த வெள்ளைக்கார அம்மா அப்பிடி என்னதான் எழுதியிருக்குது?"

நான் சொல்ல ஆரம்பித்தேன்.

முதல் கதை பாகு வெள்ளம். கரும்பிலிருந்து சர்க்கரையை எடுத்த பிறகு மிஞ்சுமே கறுப்பாக, பிசுபிசுவென்று ஒரு பாகு, அதை பாஸ்டன் துறைமுகத்துப் பக்கத்தில் ஒரு பெரிய இரும்புத் தொட்டியில் சேர்த்து வைத்திருந்தார்கள் என்றேன்.

"காகம்பி" என்றாள் அம்மா சட்டென்று. "மண்டியா சர்க்கரை ஆலையைத் தாண்டும்போது ரயில்ல மூக்கைப் பொத்திக்கறோமே, அதானே?"

அதேதான். அந்த ஒரு வார்த்தையில் பாஸ்டன் மண்டியாவுக்குப் பக்கத்து ஸ்டேஷன் ஆகிவிட்டது. அதற்கப்புறம் நான் எதையும் விளக்க வேண்டியிருக்கவில்லை. ஐந்து மாடி உயரத் தொட்டி. சுற்றிலும் ஏழை ஜனங்கள் நெருக்கிக்கொண்டு குடியிருந்த பேட்டை. கட்டிய நாளிலிருந்தே தொட்டி ஒழுகியது. பிள்ளைகள் டப்பாவை எடுத்துக்கொண்டு போய் ஒழுகுவதைப் பிடித்து நக்கிக்கொண்டு வருவார்கள். ஒழுகுகிறது என்று ஜனங்கள் சொன்னபோது கம்பெனிக்காரர்கள் என்ன செய்தார்கள் தெரியுமா? ஒழுகல் கண்ணுக்குத் தெரியாமல் இருக்கத் தொட்டிக்குப் பழுப்பு பெயின்ட் அடித்தார்கள்.

ஆன்ட்டி உருட்டுவதை நிறுத்திவிட்டாள். "பெயின்ட்டா?"

"பெயின்ட்தான். அப்புறம் குளிர்காலத்தில் ஒரு மத்தியானம், துப்பாக்கி சுட்ட மாதிரி சத்தம். தொட்டி பிளந்து, இரண்டு மாடி உயரத்துக்கு அலை."

"ஓடக்கூடாதா?" என்றாள் அம்மா.

"குதிரையாலயே ஓட முடியலம்மா. கால் வச்சா வராது. இருபத்தோரு பேர் செத்துப்போனாங்க."

அக்கா தன் உள்ளங்கையைப் பார்த்தாள். கரியும் ஜிகட்டும் மணிக்கட்டுவரை அப்பியிருந்தது. இரண்டு விரலைச் சேர்த்துப் பிரித்தாள், ஒட்டிக்கொண்டு மெல்லப் பிரிந்தது. வேறு யாருக்கும் அந்தச் சாவு அவ்வளவு நன்றாகப் புரிந்திருக்காது என்று எனக்குத் தோன்றியது. பிறகு அவள் சொன்னாள்: "அந்தப் பெயின்ட்ட அடிக்கச் சொன்னவனப் புடிச்சாந்து, தொட்டி பூராத்தையும் நாக்குல நக்கிச் சுத்தம் பண்ணச் சொல்லோணும்."

எல்லாரும் ஒரே நேரத்தில் சிரித்துவிட்டோம். சிரிப்பு அடங்கவே இல்லை. யாரோ ஒட்டுப் போட்டது போல அக்காவும் அம்மாவும் தோளோடு தோள் சாய்ந்து சிரித்தார்கள். கம்பெனிக்காரர்கள் யாரோ குண்டு வைத்ததாகப் பழியைத் தூக்கிப் போட்டார்கள், வழக்கு வருஷக்கணக்கில் நடந்தது, கடைசியில் நீதிபதி அதை நம்பவில்லை என்று நான் சொன்னதும் ஆன்ட்டி கரிக்கையோடு கை தட்டினாள். தட்டின தட்டில் என் வெள்ளைத் துப்பட்டா பொட்டு பொட்டாகப் போயிற்று.

அன்றிலிருந்து அது தினப்படி ஆயிற்று. காலையில் லக்ஷ்மிபுரத்தில் டைப் அடிப்பேன், மத்தியானம் வாசலில் சொல்வேன். கூட்டமும் வளர்ந்தது. பக்கத்து வட்டாராவிலிருந்து பலகையோடு வந்து உட்கார்ந்தார்கள். பாஸ்டனில் ஒரு காலத்தில் கிறிஸ்மஸ் கொண்டாடினால் அபராதம் போட்டார்கள் என்றதை ஒருவரும் நம்பவில்லை. "கிறிஸ்தவங்களே கிறிஸ்மஸுக்கா?" என்று கேட்டுக் கேட்டுச் சிரித்தார்கள்.

ஐஸ் கதையைச் சொன்ன நாள் அப்பாவுக்கு ஷிஃப்ட் சீக்கிரம் முடிந்திருந்தது. சுவரோரம் உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தார். பாஸ்டன் பக்கத்துக் குளங்கள் குளிரில் உறைந்துபோகும், அந்தப் பனிக்கட்டியைக் குதிரை கட்டிய ரம்பத்தால் பாளம் பாளமாக அறுப்பார்கள், மரத்தூளில் பொதிந்து கப்பலில் ஏற்றி விற்க அனுப்புவார்கள் என்றேன். முதன்முதலில் இந்த யோசனையைச் சொன்ன வியாபாரியை ஊரே கேலி செய்தது. கப்பல் போய்ச் சேருவதற்குள் தண்ணீராகிக் கப்பலே முழுகிவிடும் என்றார்கள். ஆனால் ஐஸ் போய்ச் சேர்ந்தது. கல்கத்தாவுக்கு வந்தது, பம்பாய்க்கு வந்தது, மெட்ராஸுக்கும் வந்தது.

"மெட்ராஸுக்கா?" அப்பா டம்ளரைக் கீழே வைத்தார்.

"ஆமாப்பா. பீச் பக்கத்துல அதை வைக்கறதுக்குன்னே ஒரு கட்டடம் கட்டினாங்களாம்."

"ஐஸ் ஹவுஸ்!" அப்பா எழுந்தே நின்றுவிட்டார். "சின்ன வயசுல சித்தப்பா வீட்டுக்குப் போறப்ப ஐஸ் ஹவுஸ் ஸ்டாப்புலதான் பாப்பா இறங்குவோம். கண்டக்டர் 'ஐஸவுஸ், ஐஸவுஸ்'னு கத்துவான். ஏன் அந்தப் பேருன்னு ஒரு நாள் கேட்டதில்ல. இந்தம்மா ஊரு குளத்து ஐஸா அது?"

அடுத்த ஒரு வாரம் ஒர்க்‌ஷாப்பில் இதே பேச்சு. சாப்பாட்டு நேரத்தில் அப்பா நடுவில் நின்று கையை ஆட்டி ஆட்டிச் சொன்னதாக அவர் கூட வேலை செய்தவர்கள் வீட்டுக்கு வந்து சொல்லிப்போனார்கள். பாஸ்டன்காரர்கள் ஜல்லியும் மண்ணும் ரயில் ரயிலாகக் கொண்டுவந்து கொட்டிக் கடலோரச் சதுப்பைத் தூர்த்து ஒரு பேட்டையையே உண்டாக்கினார்கள் என்று கேட்டபோது, எத்தனை வேகன், ஒற்றை லைனா, இரட்டை லைனா, மண்ணைக் கவிழ்க்க என்ன ஏற்பாடு என்று ஒரு காகிதத்தில் கேள்விகள் எழுதி என்னிடம் கொடுத்தார்.

அப்படித்தான் கேள்விகள் லக்ஷ்மிபுரத்துக்குப் போக ஆரம்பித்தன. வாசலில் கதை சொல்கிறேன் என்று நான் மேடத்திடம் சொல்லவில்லை. "எனக்கு ஒரு சந்தேகம்" என்று என்னுடையதாகவே கேட்பேன். பாகில் சிக்கிய குதிரைகளை என்ன செய்தார்கள்? வீடுகளைக் கழுவ எத்தனை நாள் ஆயிற்று? ஐஸ் அறுக்கும்போது யாராவது தண்ணீருக்குள் விழுந்தார்களா? மேடம் கண்ணாடியை மாட்டிக்கொண்டு யோசிப்பார். "முப்பது வருஷத்தில் ஒரு மாணவன்கூட இதைக் கேட்டதில்லை" என்பார். தெரிந்தால் சொல்வார், தெரியாவிட்டால் முகம் சுருங்கிவிடும்.

பிறகு வந்தது யானைக் கதை. பாஸ்டன் பிள்ளைகளுக்கு யானை என்றால் கொள்ளை ஆசை. ஒரு சர்க்கஸில் வயதான மூன்று யானைகளை விற்கப் போகிறார்கள் என்று தெரிந்து, ஊர்ப் பிள்ளைகள் எல்லாரும் ஆளுக்கொரு காசு போட்டு அவற்றை வாங்கினார்கள். காசு போட்ட ஒவ்வொரு பிள்ளையின் பெயரையும் பேப்பரில் போட்டார்கள். யானைகளைப் பந்தாட்ட மைதானத்துக்குக் கூட்டிவந்து பிள்ளைகளிடம் ஒப்படைத்த அன்று, மைதானம் கொள்ளாமல் கூட்டம். மேடம் இதை மிகவும் உருகி எழுதியிருந்தார். நானும் உருகித்தான் சொன்னேன்.

ஆன்ட்டி கேட்டாள்: "மூரேனா?"

மூன்றேதானா என்று அர்த்தம். தசராவுக்கு அரண்மனையிலிருந்து பன்னிமண்டபம்வரை நடக்கும் யானை வரிசையை, கல்யாணம் ஆகி வந்த நாள் முதல் ஒவ்வொரு வருஷமும் பார்த்தவள். அவள் கேட்ட தோரணையில், ஏதோ கல்யாணத்தில் மூன்றே மூன்று அப்பளம் பொரித்துவிட்டார்கள் என்பது போல் இருந்தது. அம்மாவுக்குப் புரை ஏறிவிட்டது. அக்கா பலகையின் மேலேயே சாய்ந்துவிட்டாள், கன்னமெல்லாம் கரி. அன்று முழுக்க யார் எதைச் சொன்னாலும் இன்னொருத்தி "மூரேனா?" என்பாள், திரும்பவும் ஆரம்பித்துவிடும். குழாயில் இரண்டு குடம்தான் தண்ணீர் வந்தது என்றாலும் மூரேனா. தலையில் சூட மூன்று முழம் பூ என்றாலும் மூரேனா.

ஆவணி தொடக்கத்தில் மூன்று அத்தியாயங்கள் தயாராயின. மேடம் அவற்றை, என் டைப்பிங்கை நம்பித் திரும்பப் படிக்காமலே, தன் ஊரிலிருக்கும் ஒரு பதிப்பகத்துக்கு ரிஜிஸ்டர் தபாலில் அனுப்பினார். தபாலாபீசுக்கு நானும் கூடப் போனேன். கவரை ஒட்டுவதற்கு முன் அதை நெஞ்சில் ஒரு நிமிஷம் வைத்துக்கொண்டார்.

அதற்கு நாலு நாள் கழித்து, கார்பன் காப்பிகளை ஃபைலில் அடுக்கிக்கொண்டிருந்தேன். பாகு அத்தியாயத்தின் பதினோராம் பக்கத்தில் என் கண் நின்றது. பெயின்ட் அடித்த வரிக்கு அடுத்து, நல்ல இங்கிலீஷில் ஒரு வரி: அந்தப் பெயின்ட்டை அடிக்கச் சொன்னவனைப் பிடித்து, தொட்டி முழுவதையும் நக்கிச் சுத்தம் செய்யச் சொல்லியிருக்க வேண்டும்.

நோட்டை எடுத்துப் பார்த்தேன். அப்படி ஒரு வரி அதில் எப்படி இருக்கும்? கை அடித்துக்கொண்டே போகும்போது மனசு வாசலில் இருந்திருக்கிறது. பதறிப்போய் யானை அத்தியாயத்தைத் திறந்தேன். 'அன்று முதல் எங்கள் நகரத்துக்குச் சொந்தமாக மூன்று யானைகள்' என்று அழகாக முடிகிற பத்திக்கு அடியில், தனி வரியாக: மூன்றே மூன்றா?

சுருக்கெழுத்து வேகத்தில் பரிசு வாங்கியவள், ஹையரில் டிஸ்டிங்ஷன். அப்படியே எழுந்து பாத்ரூமுக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு, துண்டை வாயில் வைத்து அடக்கி அடக்கிச் சிரித்தேன். பயத்தில் வந்த சிரிப்பு. வெளியே வந்தால் மேடம் இடது கையால் எனக்கு டீ போட்டுக் கொடுத்தார். அதைக் குடிக்கும்போது சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை.

வீட்டில் சொன்னேன். அம்மா தலையில் அடித்துக்கொண்டாள். "நாளைக்கே போய் ஒத்துக்கோடி. அந்தம்மா பாவம், கையை உடைச்சுக்கிட்டு உக்காந்திருக்காங்க." அக்காவுக்கோ தலைகால் புரியவில்லை. "என்ற பேச்சு அமெரிக்கா போயிருச்சா? கப்பல்லயா, பிளேன்லயா?" என்று கேட்டாள். பிளேனில் என்றதும், சாயங்காலம் புருஷன் வேலையிலிருந்து வரும்வரை வாசற்படியிலேயே நின்று, வந்தவுடன் சொன்னாள்.

நான் நாளை நாளை என்று தள்ளிக்கொண்டே இருந்தேன். ஒவ்வொரு நாளும் தபால்காரர் கேட்டைத் தாண்டிப் போகும்வரை என் விரல் டைப்ரைட்டர் விசைகளின் மேல் அப்படியே நிற்கும். ஐந்து வாரம் இப்படிப் போயிற்று. தசரா நெருங்கியது, மேடத்தின் மாவுக்கட்டைப் பிரித்தார்கள். அந்த வாரத்தில்தான் கடிதம் வந்தது.

மேடம் ஜன்னலருகில் நின்று படித்தார். படித்து முடித்து, திரும்பவும் முதலிலிருந்து படித்தார். பிறகு அதை என் முன்னால் டைப்ரைட்டர் மேல் வைத்தார்.

கதைகள் அருமையானவை, ஆனால் எழுதிய விதம் வகுப்பறைப் பாடம் போல் இருக்கிறது, இப்படியே வெளியிட முடியாது என்று எழுதியிருந்தார்கள். கடைசியில் ஒரு பத்தி. இரண்டே இரண்டு இடத்தில் மட்டும் வேறொரு குரல் கேட்கிறது, அங்கே சிரித்துவிட்டோம், மூன்றே மூன்றா என்று கேட்பது யார், அந்த ஆள் இன்னும் நிறையப் பேசினால் புத்தகம் உயிர் பெறும் என்று இருந்தது.

"நான் அப்படி எழுதவில்லை" என்றார் மேடம்.

எல்லாவற்றையும் சொன்னேன். வாசல், ஊதுபத்தி, அக்கா, ஆன்ட்டி, என் சந்தேகங்கள் என்று நான் கேட்டவை யாருடைய சந்தேகங்கள் என்பது வரை. சொல்லச் சொல்ல அவர் முகம் சிவந்துகொண்டே வந்தது.

"எட்டு வருஷம் எழுதினேன்" என்றார். "நான் எழுதாத இரண்டு வரி மட்டும் அவர்களுக்குப் பிடித்திருக்கிறது." கடிதத்தை எடுத்து மடித்துக்கொண்டு, "நாளைக்கு வர வேண்டாம்" என்றார்.

பஸ் ஏறத் தோன்றாமல் லக்ஷ்மிபுரத்திலிருந்து வீடுவரை நடந்தே வந்தேன். வழியெல்லாம் அழுகை. வாசலில் என் முகத்தைப் பார்த்ததும் யாரும் கதை கேட்கவில்லை. ஆன்ட்டிதான் ரொம்பவும் நொந்துபோனாள். "என் வாய் சும்மா இருந்திருக்கலாம் கணே" என்று, அவள் பாஷையில் 'அடியே' போட்டு, இரண்டு மூன்று தடவை சொன்னாள். அடுத்த நாள் மத்தியானம் எல்லாரும் பேசாமல் உருட்டினார்கள். பலகையில் கை தேயும் சத்தம்தான் கேட்டது.

மூன்றாம் நாள் காலை எட்டு மணி இருக்கும், வட்டாரா வாசலில் ஒரு ஆட்டோ வந்து நின்றது. முதலில் ஒரு நீளமான கால் வெளியே வந்தது, பிறகு குனிந்தபடி மீதி ஆள். இன்ஸ்டிட்யூட்டில் விலாசம் கேட்டுக்கொண்டு வந்திருக்கிறார். நான் குழாயடியில் துணியும் கையுமாக நின்றேன். மேடம் என்னைப் பார்த்து வணக்கம்கூடச் சொல்லவில்லை. வாசலைச் சுற்றி ஒரு பார்வை பார்த்து, "யார் அந்த மூன்றே மூன்றா?" என்று கேட்டார்.

நான் மொழிபெயர்த்தேன். எல்லார் கண்ணும் ஆன்ட்டியின் பக்கம் போயிற்று. ஆன்ட்டி நைட்டிக்கு மேல் போட்டிருந்த துண்டை இழுத்துவிட்டுக்கொண்டு, "ஒப்கொண்டே" என்றாள். ஒத்துக்கொள்கிறேன் என்று, கோர்ட்டில் நிற்பவள் மாதிரி.

மேடம் அவளருகில் போய் நின்றார். அவர் தோளுக்குக்கூட ஆன்ட்டி வரவில்லை. "இரண்டு நாள் உங்கள் மேல் கோபமாக இருந்தேன்" என்றார். "நேற்று அந்த அத்தியாயத்தை எனக்கே சத்தமாகப் படித்துக்காட்டினேன். தூக்கம் வந்துவிட்டது. 'மூன்றே மூன்றா' வந்ததும்தான் விழித்துக்கொண்டேன்."

இதை நான் தமிழிலும் கன்னடத்திலும் சொல்லி முடிப்பதற்குள் அக்கா விழுந்து விழுந்து சிரிக்க ஆரம்பித்துவிட்டாள். மேடமும் சிரித்தார். ஆன்ட்டி மட்டும் சிரிக்கவில்லை. மெயின் ரோட்டின் பக்கம் தலையைத் திருப்பிக் காது கொடுத்துக் கேட்டாள். அப்புறம், மேடத்தின் நல்ல கையைப் பிடித்து, "பன்னி, பன்னி", வாருங்கள் வாருங்கள் என்று கன்னடத்தில் சொல்லி இழுத்துக்கொண்டு ஓடினாள். ஆறடி வெள்ளைக்கார அம்மாவை நாலே முக்கால் அடி ஆன்ட்டி இழுத்துக்கொண்டு ஓட, பின்னால் நாங்கள் எல்லாரும் ஓடினோம். அம்மா கையில் காப்பி வடிகட்டி இருந்தது.

ரோட்டில் தசரா யானைகள் நடைப்பயிற்சிக்கு வந்துகொண்டிருந்தன. தினம் காலையில் அரண்மனையிலிருந்து கிளம்பி இந்த வழியாகத்தான் வரும். அலங்காரம் ஒன்றும் கிடையாது, வெறும் முதுகில் மணல் மூட்டைகள். முன்னால் பெரியது, பின்னால் ஒன்றன் பின் ஒன்றாக. ஆன்ட்டி மேடத்தின் கையை விடாமல், ஒவ்வொரு யானையும் கடக்கும்போது விரலை நீட்டிச் சத்தமாக எண்ணினாள். "ஒந்து! எரடு! மூரு!" அங்கே ஒரு நிமிஷம் நிறுத்தி, மேடத்தை நிமிர்ந்து பார்த்துவிட்டு, "நால்கு!" என்றாள். ஒன்பதுவரை போயிற்று. மேடம் வாய்விட்டுச் சிரித்துக்கொண்டே இருந்தார், கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் துடைத்தார், திரும்பச் சிரித்தார். ஒரு மாவுத்தர் மேலேயிருந்து, என்ன விசேஷம் என்று கேட்டுவிட்டே போனார்.

அதற்கப்புறம் மேடம் மத்தியானமானால் எங்கள் வாசலுக்கு வந்துவிடுவார். ஸ்டூல் போட்டால் உட்காரமாட்டார், தரையில் சம்மணம் போட்டு உட்காருவார். அதில் மட்டும் யோகா பலித்திருந்தது. கட்டுப் பிரித்த கைக்கு விரல்களை அசைத்துக்கொண்டே இருக்கச் சொல்லியிருந்தார் டாக்டர். அக்கா ஒரு பலகையை அவர் முன்னால் தள்ளி, "இதவிட நல்ல வைத்தியம் ஏதுங்" என்றாள். மேடம் உருட்டிய ஊதுபத்திகள் பாம்பு இரை முழுங்கிய மாதிரி நடுவில் புடைத்திருக்கும். அவற்றைக் கம்பெனியில் எடுக்கமாட்டார்கள் என்று அம்மா தனியாக எடுத்து வைத்து, எங்கள் வீட்டுச் சாமிக்கு ஏற்றினாள்.

ஒவ்வொரு அத்தியாயமும் அங்கே மறுபடி எழுதப்பட்டது. மேடம் சொல்வார், நான் இரண்டு மொழியிலும் சொல்வேன், அவர்கள் குறுக்கே பேசுவார்கள், நான் அதைச் சுருக்கெழுத்தில் எடுத்து மறுநாள் டைப் அடிப்பேன். சில நாள் சண்டையும் வரும். பாகு வெள்ளத்தில் இறந்தவர்களைப் பற்றிச் சொல்கிற இடத்தில் மேடம் அக்காவின் வரியை வைக்கலாம் என்றார். அக்கா ஒப்புக்கொள்ளவில்லை. "செத்தவிய பக்கத்துல என்ற வாய வைக்காதீங். பெயின்ட் பக்கத்துலயே இருக்கட்டும்" என்றாள். அக்கா சொன்ன இடத்திலேயே அந்த வரி இருந்தது. அப்பா ஞாயிற்றுக்கிழமைகளில் மண் ரயிலுக்கு ஒரு படமே வரைந்து கொடுத்தார். அது மட்டும் புத்தகத்தில் வரவில்லை. அவருக்கு அதில் கொஞ்சம் வருத்தம்தான்.

மேடம் மார்ச்சில் ஊருக்குத் திரும்பினார். ரயிலடிக்கு எல்லாரும் போனோம். ஒர்க்‌ஷாப் ஆட்கள்கூட வந்திருந்தார்கள், ஐஸ் அம்மாவைப் பார்க்க. கிளம்பும் சமயத்தில் எனக்கு டைப்ரைட்டரைக் கொடுத்தார். நான் அதை வாங்கிக்கொண்டு தேங்க்ஸ் சொல்வதற்கு பதிலாக, "பாஸ்டனில் இப்பவும் வெயில் நாளில் பாகு வாசனை வருமா?" என்று கேட்டேன். இதைக் கேட்கவேண்டும் என்று மாசக்கணக்கில் நினைத்து மறந்திருந்தேன். "போய் மோந்து பார்த்து எழுதுகிறேன்" என்றார். ஜூலையில் ஒரு கார்டு வந்தது. அந்தப் பேட்டைக்குப் போய் மத்தியான வெயிலில் ஒரு மணி நேரம் நின்றாராம். வாசனை வருகிறது என்று வயதானவர்கள் சொல்கிறார்களாம். தனக்கு வந்தது பக்கத்திலிருந்த பேக்கரி வாசனைதான் என்று எழுதியிருந்தார்.

பதிப்பகம் புத்தகத்தை எடுத்துக்கொண்டது. அதற்கு அடுத்த வருஷம் பார்சல் வந்தது, ஆறு வீட்டுக்கும் ஆறு பிரதிகள். கையைச் சோப்புப் போட்டுக் கழுவிவிட்டு வந்துதான் தொடவேண்டும் என்று அம்மா சொல்லிவிட்டாள். அக்கா இரண்டு தடவை கழுவினாள். முன்னால் ஒரு பக்கத்தில், மைசூரில் ஒரு வாசலில் இருந்தவர்களுக்கு என்று போட்டு, எங்கள் எல்லார் பெயரும் இருந்தது. அக்காவுக்கு இங்கிலீஷ் படிக்க வராது. எந்த வரி அவளுடைய பெயர் என்று நான் காட்டினேன். விரலை அதன்மேல் வைத்துக்கொண்டு, "இதப் படிக்கிறவியளுக்கு நானு ஆருன்னு தெரியுமா?" என்று கேட்டாள்.

"தெரியாதுக்கா. ஆனா நீ என்ன சொன்னேன்னு தெரியும்."

"அது போதும்" என்றாள். அன்று மத்தியானம் யாரும் பலகையைப் போடவில்லை. நான் நடுவில் உட்கார்ந்து முதல் பக்கத்திலிருந்து படிக்க ஆரம்பித்தேன். இரண்டாம் பக்கத்திலேயே ஆன்ட்டி குறுக்கே பேசினாள்.